கொசு அண்டாத உடம்பு

அந்தி மயங்குகிறது. பத்தொன்பது வருடமாகக் கத்தரித் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து அடித்த தங்கமுத்து, வேடசந்தூருக்குக் கிழக்கே தன் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான், மருந்தடித்த வேலையாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் இன்று காலையில் சொல்லிவிட்டார். அருகில் மனைவி முத்துப்பேச்சி கொசுக்கடி தாங்காமல் காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அவன்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. கை வரைக்கும் வருகிற ரீங்காரம் சட்டென்று விலகிப் போய்விடுகிறது. அவன் ஸ்பிரேயரைத் தொட்டே மாதம் ஒன்றாகிறது. “இன்னமும் ஒங்க மேல மருந்து வாடை அடிக்குதுங்க,” என்கிறாள் அவள், மெதுவாக. அவன் கையை முகர்ந்து பார்க்கிறான். ஒரு வாசனையும் தெரியவில்லை. உள்ளேயிருந்து சின்ன மகள் ஓடிவந்து மடியில் ஏறப் பார்க்கிறாள். “வேணாம்த்தா, அம்மாகிட்டப் போ,” என்று கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான்.