பக்க விளைவே இல்லாத வேர்

அலோர் காஜா ஊரில் இருந்த நாட்டு மருந்துக் கடையில் தேவிஸ்ரீ தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சுண்ணே. இன்னும் அந்த ஆசையே திரும்பி வரல.”

கடைக்காரர் தணிகாசலம், தாம்பத்திய ஆசையைத் தூண்டும் தொங்காட் அலி வேர்த்தூள் டப்பாவை எடுத்து நீட்டினார்.

“மூனே வாரம். மாப்பிள்ளை சிங்கமாயிடுவாரு லா!”

“ஈரலுக்கு, பிரஷருக்கு ஒன்னும் செய்யாதே? நெட்ல என்னென்னமோ போட்டிருக்கான்.”

“காட்டு வேர் தங்கச்சி! பக்க விளைவே கிடையாது. நானே தினமும் குடிக்கிறேன்.”

அவளுக்கு ஒருவழியாகப் பயம் தெளிந்தது.

“அப்ப சரிண்ணே. நான் காலையில குடிக்கணுமா, சாயங்காலமா?”

“நீங்களா?”

“மாத்திரை சாப்பிட்டது நான்தானே.”

தணிகாசலம் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“ஐயோ, ஈரல் போயிடும், பிரஷர் ஏறிடும்! முதல்ல டாக்டரப் பாருங்க தங்கச்சி!”