நாலு மணி முறுக்கு

உட்கார்ந்து வேலை செய்கிற எல்லோர் தாடையிலும் அலுவலகம் ஒரு சின்னப் பட்டையை ஒட்டியிருந்தது. சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் மெல்லுவதை அது எண்ணிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் எண்ணிக்கை அளவைத் தாண்டினால் குடும்ப மருத்துவக் காப்பீடு போய்விடும். குமுதவல்லியின் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

நாலு மணியானால் அவள் கை தானாக மேசை டிராயருக்குப் போகும். அங்கே இப்போது மிக்சர் இல்லை, அதன் வாசனை மட்டும் இருந்தது.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு மாசம் ஓட்டிடுடி, பழகிடும்" என்றாள் பக்கத்து சீட்டு ரெஜினா. அப்படியேதான் ஓட்டினாள்.

மாதக் கடைசியில் மேலாளர் இளம்பரிதி கூப்பிட்டார்.

"தினமும் மூணு மணி நேரம் மென்னிருக்கீங்கம்மா."

"நான் எதுவும் சாப்பிடலை சார். நாலு கிலோ குறைஞ்சிருக்கேன், பாருங்க."

"அப்ப எதைத்தான் மென்னீங்க?"

குமுதவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. தாடை இன்னும் வலித்தது.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன் சார்."

இளம்பரிதி திரையையே பார்த்தார். "அது இந்த லிஸ்ட்ல இல்லையேம்மா. முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட்தான் இருக்கு. ஒண்ணைச் சொன்னாத்தான் இந்தப் பக்கத்தை மூட முடியும்."

"சொன்னா காப்பீடு?"

"அது காலையிலயே போயிடுச்சு."

அவள் தாடையைத் தடவிக்கொண்டாள்.

"முறுக்குன்னு போட்டுக்குங்க."

அவர் தட்டினார். தட்டும்போது, பட்டைக்கு அடியில் அவருடைய தாடை இறுகி இறுகித் தளர்வதை அவள் பார்த்தாள். அவர் வாயிலும் ஒன்றும் இல்லை.