அடிக்கடி நின்ற மெஷின்

"கொட்டகலையில இருந்து இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா ஒன் வேலையே போயிரும்!"

ஹட்டன் மின்சாரக் கடை முதலாளி போட்ட சத்தத்தில் லோஜன் ஆடிப்போனான்.

கொட்டகலைத் தொழிற்சாலையில் தேயிலைத்தூளைப் பக்கட்டில் அடைக்கும் மெஷினுக்கு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'டிரைவ்' பெட்டியை மாட்டியவன் அவன்தான். மெஷின் வாராவாரம் நின்றது. வாராவாரம் லோஜன் போய்ச் சரிசெய்துவிட்டு, அதில் வேலை பார்க்கும் பிரியந்தி கொடுக்கும் பால் கலக்காத பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவான்.

அன்று பிளேன்டீகூட வேண்டாமென்று சொல்லி, கண்ணும் கருத்துமாக வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலையிலேயே தொழிற்சாலையிலிருந்து கடைக்குப் போன் வந்தது.

"தம்பி, மெஷின் மறுபடி நின்னுருச்சு!"

நல்லவேளை, முதலாளி இன்னும் வரவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஓடினான். பெட்டியைத் திறந்து பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேக அளவை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள்.

"யாருங்க இதுல கை வச்சது?"

"நான்தாங்க" என்றாள் பிரியந்தி மெதுவாக.

"ஐயோ, என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களே! ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் போறப்ப, யாருக்கும் தெரியாம இந்தப் பெட்டியில ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போவீங்கள்ல? நேத்து மறந்துட்டீங்க. அதான் நானே அமுக்கிட்டேன்."

லோஜனுக்குக் காதெல்லாம் சூடேறியது.

"இனிமே மெஷினைப் பார்க்க வராதீங்க" என்றாள் அவள். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரா எங்க லயத்து வீட்டுக்கு வாங்க."