மாமியார் கம்பளி

“ஏனுங்க ரைட்டரே, நல்லாப் பாருங்க! நானு சசிகலாங்க! செத்துப்போன எம் மாமியா பேரையே சொல்லுதே உங்க மெஷினு!”

“கத்தாதம்மா. மெஷினுக்கும் உனக்கும் என்ன பகை? மூஞ்சிய நேராக் காட்டு.”

காட்டினாள். “வருகை பதிவானது. நன்றி, குப்பாயி” என்றது மெஷின்.

எங்கள் எஸ்டேட்டுக்கு அந்த முகம் பார்க்கும் மெஷின் வந்ததே குப்பாயி செத்த பிறகுதான். அவளோடு குழிக்குள் போயிருக்க வேண்டிய கம்பளியை, குளிருக்கு ஆகுமே என்று சசிகலா எடுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றி வீசிவிட்டும் நின்று பார்த்தாள். அப்போதும் குப்பாயிதான். மெஷினைக் கேட்டால் சசிகலா வேலைக்கே வரவில்லை. இப்படியே போனால் ஆள் கணக்கிலிருந்து பேரை எடுத்துவிடுவேன் என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்.

“உங்கம்மாள என்னைய உடச் சொல்லுங்க!” என்று புருஷன் வெள்ளையனிடம் அவள் கத்தியது எங்கள் அடுப்படி வரை கேட்டது.

மறுநாள் ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு மஞ்சக்குட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றான் வெள்ளையன். என் கண்ணுக்குத் தப்பி இங்கே யாரும் பஸ் ஏறியதில்லை. அதுவும் மார்கழிக் குளிரில் கம்பளியை விட்டுவிட்டா போவாள்? கேட்டால் நமக்குத்தான் பொல்லாப்பு.

அடுத்த வருஷம் தையில் வெள்ளையன் வெள்ளக்கடை ஊர்ப் பெண் மலரைக் கட்டிக்கொண்டான். முதல் நாள் வேலைக்கு அவள் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, மெஷின் முன்னால் வெட்கத்தோடு சிரித்தாள்.

“வருகை பதிவானது. நன்றி, சசிகலா.”