ஜாருக்கு வந்த காய்ச்சல்

மார்க்கிரட் டீச்சரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசலில் போலீஸ் சீருடையில் ஒருவர் நின்றார். டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார். சென்ற மாதம்தான், மேடையில் அரசாங்கத்தைப் பற்றி ஏதோ பேசிய பக்கத்துத் தெருக்காரரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை.

"கார்ப்பரல் பழனியப்பன். நீங்க டியூஷன்ல ரஷ்யா சரித்திரம் சொல்லித் தர்றீங்களாமே?"

உள்ளே வந்து உட்கார்ந்தவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"ரெண்டாம் அலெக்சாண்டர்னு ஒரு ஜார் மன்னர். ஆள் எப்படி?"

"ரொம்ப நல்லவர் சார். பண்ணையடிமைகளை விடுதலை செஞ்சாரு."

"எதிர்ப்பு?"

"யாருமே எதிர்க்கல. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க."

கார்ப்பரல் எழுதிக்கொண்டார்.

"அவரு மகன் பத்திரிகைகளை எல்லாம் அடக்கினாராமே?"

"சேச்சே! கொஞ்சம் கட்டுப்பாடு. ஊர் நல்லதுக்குத்தான்."

"ரகசியப் போலீஸ்?"

"அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல சார்."

"சரி, ரெண்டாம் அலெக்சாண்டர் எப்படிச் செத்தாரு?"

டீச்சர் ஜன்னல் வழியே போலீஸ் மோட்டார்சைக்கிளைப் பார்த்தார்.

"காய்ச்சல்."

கார்ப்பரல் அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு எழுந்தார்.

"ரொம்ப நன்றி டீச்சர். டூட்டியில படிக்க நேரமே இல்ல லா. நாளைக்குக் காலையில எஸ்.டி.பி.எம். பரீட்சையில சரித்திரப் பேப்பர். பாஸ் பண்ணாத்தான் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனு போட முடியும். நீங்க சொன்னத அப்படியே எழுதிடறேன்."

டீச்சர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உட்காருங்க. முதல்ல அந்தக் காய்ச்சலை அடிச்சிட்டு, குண்டு வெடிச்சுன்னு எழுதுங்க."