மூன்றே மாதத்தில் தேய்ந்த பிரேக்

"உங்க பையன் ஜெத்தாவுக்கு இறங்குற ஹதா மலையில ரேஸ் விடுறானா, அபூ ஃபாரிஸ்?"

காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்த மெக்கானிக் அப்தூ, கழற்றிய பிரேக் பேடை, 'ஃபாரிஸின் அப்பா' என்று ஊர் அழைக்கும் முஸாஇத்தின் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல் கனம் இருக்க வேண்டியது, காகிதம் மாதிரி தேய்ந்து போயிருந்தது.

"மூணு மாசம் முன்னாடி நான்தான் மாட்டினேன். ரெண்டு வருஷம் வரணும். டிஸ்க்கைப் பாருங்க, சூட்டுல நீலம் பாரிச்சுக் கிடக்கு. யாரோ பிரேக்குல வெச்ச காலை எடுக்காம மலை இறங்குறாங்க."

"நான் பள்ளிவாசலுக்கும் மார்க்கெட்டுக்கும்தானேப்பா எடுக்கிறேன்?"

"நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. மார்க்கெட்டை ஜெத்தாவுக்கா மாத்திட்டாங்க?"

முஸாஇத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சவூதியின் மலை ஊரான தாயிஃபில் முப்பத்திரண்டு வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது ஆசைப்பட்டு வாங்கிய ஜெர்மன் கார் அது. டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், "அடுத்தவன் ஓட்டி நான் மூட்டை மாதிரி பின்னால உட்கார்றதா? நடந்தே போயிடுவேன்" என்பார். பெற்ற மகனுக்குக்கூடச் சாவியைக் கொடுத்ததில்லை.

அப்தூ புதுப் பேடும் டிஸ்க்கும் மாட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் முஸாஇத் மகன் ஃபாரிஸைக் கூப்பிட்டார். இருபத்தாறு வயது, நகராட்சியில் வேலை.

"என் காரை எடுத்தியா?"

ஃபாரிஸ் ஒருமுறை சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கே அவன் அம்மா சிஹாம் காபிக் கெண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

"ஆமாப்பா. நான்தான்."

"எங்க போன?"

"சும்மா... மலைப் பக்கம்."

முஸாஇத்தின் கை ஓங்கிவிட்டது. சின்ன வயதில்கூட அவனை அடித்ததில்லை. அறை கன்னத்தில் விழுந்தும் ஃபாரிஸ் நகரவில்லை. அடித்த கையையே பிடித்து முத்தமிட்டு, "மன்னிச்சிடுங்கப்பா" என்றான். கையை வெகு நேரம் விடவே இல்லை.

"நடிக்காதே. போடா உள்ள."

அன்று இரவு சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். வழக்கமாக விடிகாலைத் தொழுகை முடித்து மாத்திரை போட்டால், பத்து மணி வரை அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். வயிற்றுப் புண்ணுக்கென்று ஜெத்தா ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை. மறுநாள் காலை அதைப் போடாமல் படுத்தார். வலித்தால் வலிக்கட்டும், திருடனைப் பிடித்தாக வேண்டும்.

வலியோடு போராடியதில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். ஏழு மணிக்கு வலியே எழுப்பியது. தலையணைக்கு அடியில் கையை விட்டார். சாவி இல்லை.

ஆத்திரத்தோடு ஃபாரிஸின் அறைக் கதவைத் திறந்தார். வெள்ளிக்கிழமை, விடுமுறை. ஃபாரிஸ் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எடுக்கவே இல்லையா? பின் ஏன் அடி வாங்கிக்கொண்டான்?

சமையலறையிலும் யாரும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வெளி கேட்டுக்கு வந்து நின்றார்.

கால் மணி நேரம் கழித்துத் தெருமுனையில் கார் திரும்பியது. நின்று நின்று, தயங்கித் தயங்கி வந்து கேட்டருகே நின்றது. புதுப் பேட் கருகிய வாடை முகத்தில் அடித்தது. கண்ணாடி இறங்கியது.

"சிஹாம்! நீயா?"

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"லைசென்ஸ் வாங்கிட்டேன். இந்த மலை இறக்கம்தான் இன்னும் வசப்படல. வளைவைப் பார்த்தாலே கால் பிரேக்குல ஒட்டிக்குது. குரங்கு ஏதாச்சும் குறுக்கே வந்துச்சுன்னா உயிரே போயிடுது."

முஸாஇத்துக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், சைக்கிள்கூட ஓட்டித் தெரியாத அவர் மனைவி, அந்தப் பாதையில் இறங்கி ஏறி வந்திருக்கிறாள். அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அடி பைத்தியக்காரி! இதுக்காகவா அந்தப் பையனை அடி வாங்க விட்ட? என்கிட்ட சொல்லியிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே. இறக்கத்துல கியரைக் குறைக்கணும். பிரேக்கைப் போட்டு மிதிக்கக் கூடாது."

"சொன்னா, எதுக்குன்னு கேட்பீங்க."

"கேட்கத்தான் செய்வேன். எதுக்கு? ஜெத்தாவுல உனக்கு என்ன வேலை? எங்க போகணும்னாலும் கூட்டிட்டுப் போக நான் இல்லையா?"

சிஹாமுக்கு இன்ஜினை அணைக்கவும் தோன்றவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்த ஃபாரிஸ், "வேணாம்மா, சொல்லாதீங்க" என்றான்.

முஸாஇத் மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது.

"என்கிட்ட எதைச் சொல்லக் கூடாது?"

சிஹாம் அவர் முகத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க வயித்துல இருக்கிறது வெறும் புண் இல்ல. அடுத்த மாசத்துக்கு மேல உங்களால ஓட்ட முடியாதுன்னு ஜெத்தா டாக்டர் சொல்லிட்டார்."