பெட்டிக்குள் இருந்த இரண்டு வருடம்

பகல் பதினோரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. பென்ஷன் குமாஸ்தா யேசுதாஸ் பழுப்பேறிய சிறு பட்டாளச் சேவைப் புத்தகத்தைத் திறக்கிறார். தாளிடுக்கிலிருந்து திருநீறு அவருடைய பதிவேட்டின்மேல் உதிர்கிறது. எதிரே நிற்கும் முத்திருளன் ஒன்பது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். அப்புறம் ஆறு வருடம் ரிசர்வ் படையில். அதில் இரண்டு வருடம் பயிற்சிக்கு வரவில்லையென்று யாரோ எழுதிவிட, பென்ஷனுக்கு வேண்டிய பதினைந்து பதின்மூன்றாகி, கிடையாது என்றாகிவிட்டது. "இம்புட்டு நாளா இதை எங்கய்யா வச்சிருந்தீங்க?" "குலசாமி பெட்டியில சார்," என்கிறார் முத்திருளன். " பத்திரமா இருக்கட்டும்னு வச்சோம். மாசிப் பச்சை, சிவராத்திரிக் கும்பிடுக்கு மட்டுந்தான் தொறப்போம்." "நாங்க கேட்டப்பவாச்சும் தொறந்திருக்கலாம்ல?" "அதெப்பிடி சார், நமக்கு வேணுங்கிறப்பல்லாம் சாமி பெட்டியத் தொறக்க முடியுமா?" என்கிறாள் அவர் மனைவி ஒச்சாயி. மாசி வரும்வரை பதினோரு மாதம் காத்திருந்த குரல்.

யேசுதாஸின் விரல் பயிற்சி முகாமின் ஊதா முத்திரைகளைத் தொடுகிறது. ஒன்று. இரண்டு. பதிவேட்டில் 'வரவில்லை' சிவப்பு மையில் அடிபடுகிறது. அதன்மேல் 'வந்தார்' ஏறுகிறது. ரப்பர் ஸ்டாம்பு தடாலென்று விழும் சத்தத்தில் முத்திருளனின் செருப்பில்லாத குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொள்கின்றன. காதில் பாம்படம் ஆட, ஒச்சாயி வரிசையில் நிற்பவர்களை ஒருவர் விடாமல் பார்க்கிறாள். "இனிமேலாவது கைக்கு எட்டுற எடத்துல வைங்கம்மா," என்கிறார் யேசுதாஸ். அவள் பதிவேட்டில் கிடக்கும் திருநீற்றை விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொள்கிறாள். "தப்பா எழுதுனது ஆபீசு சார், பெட்டியில்ல. அடுத்த மாசிக்கு இது அங்கனதான் போகும்."